பதற்றமும் பிரஷரும் இதயத்தை என்ன செய்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தில், அணைக்கட்டு பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். பிரஷர், சுகர் பார்க்கும் தொற்றா நோய்ப் பிரிவுதான் என் அறை. காலை எட்டரைக்கெல்லாம் வெளியே பெஞ்ச் நிரம்பிவிடும். கையில் பட்டையைச் சுற்றும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். "டென்ஷனாலதானே சிஸ்டர் ஏறுது?" என்பார் ஒருவர். "நெஞ்சு படபடன்னு கீது, ஹார்ட்டா இருக்குமா?" என்பார் அடுத்தவர். வரிசை நீளம் என்பதால் ஆளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச முடிவதில்லை. அங்கே அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

டென்ஷன் ஆவதால்தான் பிரஷர் வருகிறதா?

பாதிக் குழப்பம் வார்த்தையிலேயே இருக்கிறது. உயர் இரத்த அழுத்தத்துக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் ஹைப்பர்டென்ஷன். அதில் வரும் 'டென்ஷன்' இரத்தக் குழாயின் சுவரில் ஏறும் அழுத்தம். கடன்காரர் வாசலில் நின்றால், பிள்ளை பரீட்சையில் தவறினால் நமக்கு வரும் டென்ஷன் வேறு. பெயர் ஒன்றாகப் போனதால், "மனச லேசா வச்சிக்கிட்டா பிரஷர் தானா போயிடும்" என்று ஊர் முழுக்க நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையால் கெட்டுப்போன இதயங்களைப் பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன்.

பதற்றம் வந்தால் பிரஷர் ஏறும் என்பது உண்மை. பதற்றம் தணிந்ததும் அதுவும் இறங்கிவிடும். நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போதும், தூங்கி எழுந்த காலையிலும், எந்தக் கவலையும் இல்லாத நாளிலும் இறங்காமல் நிற்கிறதே, அதுதான் நோய். அதற்குப் பின்னால் வயது, பரம்பரை, உப்பு, உடல் எடை, மது, உடலுழைப்புக் குறைவு, சிலருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று பல இருக்கும். நாள்பட்ட பதற்றம் உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் பிரஷர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஓரளவு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இரண்டுக்கும் உறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் குரல் உயர்த்திப் பேசாத, அமைதியே உருவான தாத்தாக்களுக்கு என் அறையில் 180 பார்த்திருக்கிறேன். எதற்கெடுத்தாலும் பதறும் பெண்களுக்கு 110 பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்துப் பிரஷர் சொல்ல முடியாது.

120/80 என்கிறார்களே, அந்த இரண்டு எண்கள் என்ன?

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏறும் அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்திருக்கும்போது மிச்சமிருக்கும் அழுத்தம் கீழ் எண். வெவ்வேறு நாட்களில் மருத்துவமனையில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்கிறோம். இரண்டில் ஒரு எண் தாண்டினாலும் கணக்குதான். அமெரிக்காவில் 2017-ல் அந்தக் கோட்டை 130/80 ஆக இறக்கினார்கள்.

பதறும்போது இதயத்துக்குள் என்ன நடக்கிறது?

வயல் வரப்பில் பாம்பைப் பார்த்துத் துள்ளி ஓடுகிறோம் என்று வையுங்கள். மூளை யோசிப்பதற்கு முன்பே நரம்புகள் வேலையைத் தொடங்கிவிடும். சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் கொட்டும். நிமிடத்துக்கு 70, 80 முறை துடித்துக்கொண்டிருந்த இதயம் 110, 120 என்று ஓடும். ஒவ்வொரு துடிப்பும் வலுவாக இருக்கும். தோலுக்கும் குடலுக்கும் போகும் குழாய்கள் சுருங்கி, இரத்தம் கால் தசைகளுக்குத் திரும்பும். கை சில்லிட்டு வயிறு பிசைவது இதனால்தான். ஓடுவதற்கு இதெல்லாம் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பாம்புக்கும் வங்கியிலிருந்து வரும் போன் அழைப்புக்கும் இந்த நரம்புகளுக்கு வித்தியாசம் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு ஓட ஆரம்பித்துவிடுகிறது. அதோடு மேல்மூச்சு வாங்கும். வேகவேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். அதைப் பார்த்து இன்னும் பயம், அதனால் இன்னும் அட்ரினலின். நடுவில் ஒரு துடிப்பு முன்கூட்டியே வந்து, அடுத்தது கொஞ்சம் தாமதமாகப் பலமாக விழும். "ஒரு துடிப்பு நின்னு போய் தொபுக்குன்னு விழுது சிஸ்டர்" என்று ஒரு அண்ணா சொன்னார். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. ஆரோக்கியமான இதயத்தில் இந்த ஒற்றைத் துடிப்புகள் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. அடிக்கடி வந்தாலோ, மயக்கத்தோடு வந்தாலோ ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும்.

அப்படியானால் தினமும் பதறுகிறவரின் இதயம் கெட்டுப்போகுமா?

இதயம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. நல்ல இதயத்துக்கு அரைமணி நேரப் படபடப்பு ஒரு வேகநடை மாதிரிதான். "இப்படி அடிச்சே வெடிச்சிடுமோ" என்று பயந்து வருபவர்களிடம் அப்படி வெடிக்காது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஆனால் பல வருடம் நீளும் மன அழுத்தம் சும்மா போவதில்லை. 2004-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளில் மாரடைப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டது. புகை, கொழுப்பு, பிரஷர், சுகர் வரிசையில் மன அழுத்தமும் மனச்சோர்வும் சேர்ந்த காரணியும் இடம்பெற்றது. வழி ஒன்று நேரடியானது: ஓயாமல் அட்ரினலினும், மன அழுத்தத்தில் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசாலும் சுரந்தால் குழாய்களின் உட்சுவர் பழுதாகும், இரத்தம் எளிதில் உறையும். இன்னொரு வழியை நான் தினமும் என் மேசைக்கு முன்னால் பார்க்கிறேன். பதற்றத்தில் தூக்கம் போகிறது. தூக்கம் போனதால் நாலு டீ, ஒரு கட்டு பீடி. சாயங்காலம் டாஸ்மாக். மாத்திரை போட மறதி. இதயம் கெடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

பிரஷர் மட்டும் வருடக்கணக்கில் இருந்தால்?

இதுதான் எனக்குப் பயம் தருவது. ஏனென்றால் சத்தமே போடாது.

போர்வெல் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். ஓஸ் பைப்பின் முனையை விரலால் பாதி பொத்திவிட்டு மோட்டாரை ஓட விட்டால் பைப்புக்குள் அழுத்தம் கூடும், அதை எதிர்த்தே மோட்டார் தள்ள வேண்டும். இதயத்தின் இடது கீழறை அந்த மோட்டார். எதிர்ப்பு கூடிய குழாய்களுக்குள் தினம் லட்சம் முறை தள்ளித் தள்ளி, பாரம் தூக்குபவரின் புஜம்போல அதன் சுவர் தடித்துவிடும். கேட்க நல்லதுபோல இருக்கும். ஆனால் தடித்த சுவர் விறைப்பாகிவிடும், சரியாகத் தளராது. தளராத அறையில் இரத்தம் நிரம்பாது. பின்னால் அழுத்தம் தேங்கி நுரையீரலுக்கு ஏறும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், படுத்தால் இருமல் வரும். மேலறை விரிந்து துடிப்பு தாறுமாறாகலாம். அப்படித் தாறுமாறாகும்போது உறையும் இரத்தத் துளி மூளைக்குப் போனால் பக்கவாதம். தடித்த தசைக்கு இரத்தம் அதிகம் வேண்டும், அதே பிரஷர் இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களையும் அடைக்கிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் மாதிரி.

2002-ல் பத்து லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வில், 40 முதல் 69 வயதில் மேல் எண் ஒவ்வொரு 20 கூடும்போதும் இதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது.

என் அப்பா குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர். குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகுவலி, அதற்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை. ஒருநாள் தலை பாரமாக இருக்கிறதென்று ஒரு கிளினிக்குக்குப் போனார். 160/100. "டென்ஷனைக் குறைங்க, நல்லாத் தூங்குங்க" என்று சொல்லி ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அக்கா கல்யாணக் கடன் இருந்த நேரம். வீட்டில் எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் அப்போது நர்சிங் இரண்டாம் வருடம், எனக்கும் சரியாகத்தான் பட்டது. கடன் அடைந்தது, டென்ஷன் போனது, யாரும் மறுபடி பிரஷர் பார்க்கவில்லை. ஒன்பது வருடம் கழித்துப் பாவு சுற்றும்போது மூச்சு வாங்குகிறது என்றார். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ எடுத்தோம். இடது கீழறைச் சுவர் 14 மில்லிமீட்டர். பொதுவாகப் பெரியவர்களுக்குப் 10, 11-க்குள் இருக்க வேண்டியது. டைக்ளோஃபினாக் மாதிரியான வலி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும் என்று அன்றைக்கு எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

எக்கோ ரிப்போர்ட்டில் 'எல்விஹெச்', 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்', 'இஎஃப் 60' என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

எல்விஹெச் என்றால் மேலே சொன்ன இடது கீழறைத் தடிப்பு. டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் என்றால் அறை தளர்ந்து நிரம்புவதில் குறை. கிரேடு 1 ஆரம்ப நிலை. வயதானவர்கள் பலருக்கு இருக்கும். இஎஃப் என்பது நிரம்பிய இரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. 55-க்கு மேல் இருந்தால் நல்லது. நூற்றுக்கு அறுபதுதானா, மீதி நாற்பது எங்கே என்று அழுதுகொண்டே ஒரு அம்மா வந்தார். நூறு யாருக்கும் வராதம்மா, அறுபது முழு மார்க் மாதிரி என்று சொல்லி அனுப்பினேன். அதே சமயம் இன்னொன்று: இஎஃப் 60 இருந்தும் விறைத்த இதயத்தால் மூச்சு வாங்கலாம். என் அப்பாவுக்கும் 60தான் இருந்தது.

டாக்டர் பார்த்தால் ஏறுகிறது, வீட்டில் சரியாக இருக்கிறது. எது உண்மை?

இரண்டுமே உண்மை. வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஏறும் பிரஷர் என்று இதற்குப் பெயரே உண்டு.

பீடி சுற்றும் ஒரு அக்கா வந்தார். முதலில் பார்த்தபோது 164/98. அவருடைய அம்மா பக்கவாதத்தில் படுத்துப் போனவர். அந்த எண்ணைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. வெளியே வேப்பமர நிழலில் பத்து நிமிடம் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார், ஆனால் மடியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத இலையைச் சுருட்டிக்கொண்டே இருந்தன. மறுபடி பார்த்தால் 146/90. அப்புறம் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணிடம் சொல்லி, ஒரு வாரம் அவர் வீட்டுத் திண்ணையிலேயே பார்க்கச் சொன்னேன். பிள்ளையின் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு வந்தார். 126/78, 130/82, 124/80. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் உண்மையான பிரஷர் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், சில மாதங்களுக்கு ஒருமுறை வீட்டுக் கணக்கோடு வரச் சொன்னார். வருகிறார்.

தலைகீழான ஆட்களும் உண்டு. என் அறையில் 128, வீட்டிலும் வேலையிடத்திலும் 150. தோல் தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர்களிடம் இதைக் கண்டிருக்கிறேன். இதுதான் ஆபத்தானது, கண்ணில் படாமல் இருந்துவிடும்.

வீட்டில் எப்படிச் சரியாக அளப்பது?

மேல்கையில் சுற்றும் மெஷின் வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பகமில்லை. கை பருமனுக்கு ஏற்ற பட்டை வேண்டும். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். டீ, காபி, பீடி எதுவானாலும் அரைமணி நேரம் முன்பே முடித்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, இரண்டு காலும் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். டிவியையும் நிறுத்திவிடுங்கள், சீரியல் பார்த்துக்கொண்டு அளந்தால் கதாநாயகியின் பிரஷர்தான் தெரியும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டு அதற்குக் கீழே பட்டையைச் சுற்றாதீர்கள், சுருட்டிய துணியே கையை இறுக்கிவிடும்.

ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையில் மாத்திரைக்கு முன், சாயங்காலம் ஒருமுறை, இப்படி ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதன் சராசரி எடுங்கள். வீட்டுக் கணக்கில் 135/85 தான் எல்லை.

ஒரு நாளைக்கு இருபது தடவை பார்க்கும் தம்பிகளும் இருக்கிறார்கள். பார்க்கப் பார்க்கப் பயம், பயத்தில் அடுத்த எண் இன்னும் மேலே. அவர்களிடம் மெஷினை வீட்டில் வேறு யாராவது எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

நடுராத்திரி நெஞ்சு படபடப்பு, வியர்வை. பதற்றமா, மாரடைப்பா எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

பதற்றத் தாக்குதல் பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரைமணி நேரத்தில் தணியும். செத்துவிடுவோமோ என்ற பயம் முன்னால் நிற்கும், விரல் மரக்கும், சில சமயம் ஊசி குத்துவதுபோல ஓரிடத்தில் வலிக்கும். மாரடைப்பு வலி நெஞ்சின் நடுவே கல்லை வைத்து அழுத்துவதுபோல, இடது கை, தாடை, முதுகு வரை பரவும், நடந்தால் கூடும், குளிர்ந்த வியர்வையும் வாந்தியும் வரும். புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பது ஆளிடம் கலந்துதான் வரும். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறல், களைப்பு, மேல்வயிற்று எரிச்சலாக மாரடைப்பு வரலாம். "வாயு பிடிச்சிருக்கு" என்று சோடா குடித்துவிட்டு விடியும் வரை காத்திருந்தவர்கள் சிலர் விடிந்தபிறகு வரவே இல்லை.

அதனால் முதல் தடவை வந்தால், நாற்பது வயது தாண்டியிருந்தால், பிரஷர், சுகர், புகைப்பழக்கம் இருந்தால், பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பைக்கில் தானே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. 2023-ல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசு கேட்பார்களோ என்ற தயக்கம் வேண்டாம். முதல் ஈசிஜி நார்மலாக இருந்தாலும் சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி எடுப்பார்கள், ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள். "நார்மல்னுதானே சொன்னீங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள். போய்ப் பார்த்துப் பதற்றம்தான் என்று தெரிந்தால், அதைவிட நல்ல சேதி என்ன இருக்கிறது? வீண் அலைச்சல் என்று யாரும் உங்களைத் திட்ட நான் விடமாட்டேன்.

பிரஷர் 180 காட்டுகிறது. உடனே ஏதாவது போட்டுக்கொள்ளலாமா?

180/120 அல்லது அதற்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், கை கால் இழுப்பு, பார்வை மங்கல், குழப்பம் இருந்தால் 108. ஒன்றும் இல்லையென்றால் ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் இருந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நாக்குக்கடியில் மாத்திரை வைத்துப் படாரென்று இறக்குவது பழைய வழக்கம், அதில் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடும்.

ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். ஆனாலும் படபடப்பு நிற்கவில்லையே?

இப்படி நோட்டு நிறைய ரிப்போர்ட்டோடு அலைபவர்களை நினைத்தால் மனசு கனக்கும். ஊர் ஊராக எக்கோ எடுப்பார்கள். "ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்" என்று அனுப்பிவிடுவார்கள். ஒன்றுமில்லாமல் யாரும் இப்படித் துடிக்க மாட்டார்கள்.

முதலில் தைராய்டு கூடுதலாகச் சுரக்கிறதா, இரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே பதற்றம்போலவே வேடம் போடும். நம் பக்கத்துப் பெண்களிடம் இரத்தசோகை மிகவும் சாதாரணம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தால் அதையும் சொல்லுங்கள், பிரஷருக்கும் படபடப்புக்கும் அது காரணமாகும். இதெல்லாம் சரியென்றால் பதற்றத்துக்கே வைத்தியம் பார்க்க வேண்டும். அது நன்றாகக் குணமாகக்கூடியது. அடுக்கம்பாறையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. பாகாயம் என்ற பேரைச் சொன்னாலே "என்னைப் பைத்தியம்னு நினைச்சிட்டீங்களா" என்று கண் கலங்குபவர்களிடம், வயிறு வலித்தால் வயிற்று டாக்டர், பயம் வலித்தால் அதற்குரிய டாக்டர், அவ்வளவுதான் என்பேன். போக மனசு வரவில்லையென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பிரஷர் மாத்திரை ஆரம்பித்தால் நிறுத்தவே முடியாதாமே?

பெரும்பாலானவர்களுக்கு நீண்ட காலம் தேவைப்படும். அது மாத்திரையின் பழக்கம் கிடையாது, நோய் நாள்பட்டது. கண்ணாடி போட்டபோது எழுத்து தெரிகிறது என்று யாரும் கண்ணாடியைத் தூக்கிப் போடுவதில்லையே. எடை குறைந்து, உப்பும் குடியும் குறைந்து, டாக்டரே மாத்திரையைக் குறைத்தவர்களும் உண்டு. அம்லோடிபினில் சிலருக்குப் பாதம் வீங்கும், எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். சொன்னால் மாற்றித் தருவார்கள். சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு. டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போடும் இளம்பெண்கள் கர்ப்பம் என்று தெரிந்த அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும், குழந்தைக்கு ஆகாது.

ஒரே மாத்திரையில் பிரஷர், பதற்றம் இரண்டும் அடங்குமா?

ப்ராப்ரனோலால், மெட்டோப்ரோலால் வகை படபடப்பையும் நடுக்கத்தையும் குறைக்கும், பிரஷரும் ஓரளவு இறங்கும். ஆனால் பயத்தின் வேர் அப்படியே இருக்கும். ஆஸ்துமா இருந்தால் ஆபத்து, திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

மருந்துக்கடையில் 'டென்ஷன் மாத்திரை' என்று கேட்டு வாங்கும் ஆல்பிரசோலம் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். போட்ட அரைமணியில் சுகமாக இருக்கும். சில வாரத்தில் அது இல்லாமல் தூங்க முடியாது. சட்டென்று நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகும், வலிப்புகூட வரும். டாக்டர் குறைந்த நாட்களுக்கு எழுதுவது வேறு விஷயம். பதற்ற நோய்க்கு நீண்ட நாள் தருவது எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவை. வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடுவதுபோல இருக்கலாம், அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பேச்சு வழிச் சிகிச்சையும் சேர்ந்தால் பலன் இன்னும் நன்றாக இருக்கும்.

நாட்டுமருந்து சாப்பிடலாமா?

சாப்பாட்டில் பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் தாராளமாக. மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: தொண்டைக்கும் வயிற்றுப்புண்ணுக்கும் வாங்கிச் சாப்பிடும் அதிமதுரம் நாள்கணக்கில் போனால் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைத்துத் துடிப்பையும் கெடுக்கும்.

உப்பை எவ்வளவு குறைப்பது?

உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, ஒரு டீஸ்பூன் அளவு. குழம்பில் பாதி குறைத்துவிட்டேன் என்பார்கள். கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் மோர் மிளகாயையும் கருவாட்டையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கேழ்வரகுக் கூழ் அருமையான சாப்பாடு, அதற்குச் சின்ன வெங்காயம் போதும். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்ட்டன் போடுபவர்களும் கேட்காமல் வாங்காதீர்கள்.

வெயில் காலத்தில் பிரஷர் ஏறுமா, இறங்குமா?

நம் ஊர் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் என்று உங்களுக்கே தெரியும். வெயிலில் தோலின் குழாய்கள் விரிவதால் பிரஷர் பொதுவாகக் கொஞ்சம் இறங்கும். வியர்வையில் நீரும் உப்பும் போகும்போது, நீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டிப் பிரஷரைக் குறைப்பது) போடுபவர்கள் எழுந்து நின்றால் தலை சுற்றி விழலாம். நீர் குறைந்தால் இதயம் வேகமாகத் துடிக்கும், அதைப் பதற்றம் என்றோ பிரஷர் ஏறிவிட்டது என்றோ நினைத்து இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்பவர்களும் உண்டு. கோடையில் தலைசுற்றல் வந்தால் உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பாருங்கள், அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மூச்சுப் பயிற்சியால் உண்மையில் பலன் உண்டா?

உண்டு. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில், உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக, பத்து நிமிடம் செய்தால் இதய வேகத்தைத் தணிக்கும் நரம்பு வேலை செய்யும். படபடப்பு வந்த நேரத்தில் முதன்முதலாக முயன்றால் வராது. நல்ல நேரத்தில் பழகி வைத்தால்தான் அவசரத்தில் கைகொடுக்கும். இதைவிடவும் நடையை நம்புகிறேன். காலையில் கோட்டையைச் சுற்றி நடப்பவர்களைப்போல, வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேர வேகநடை பிரஷர், பதற்றம், தூக்கம் மூன்றுக்கும் நல்லது. நடந்தால் இதயம் வேகமாக அடிக்கும், அதுவே பயமாக இருக்கிறது என்று ஓர் அண்ணி நடையை விட்டிருந்தார். மெதுவாக ஐந்து நிமிடத்தில் ஆரம்பிக்க வைத்தோம். இதயம் வேகமாக அடிப்பது ஆபத்தில்லை என்று உடம்பே கற்றுக்கொள்ள நடையைவிட நல்ல வழி இல்லை.

அதிர்ச்சியில் இதயம் நின்றுபோகும் என்பது கதையா?

முழுக்கக் கதையில்லை. 1990-ல் ஜப்பான் மருத்துவர்கள் ஒரு நோயைப் பதிவு செய்தார்கள். கடும் துக்கமோ அதிர்ச்சியோ வந்தவுடன் இடது கீழறையின் நுனி சுருங்காமல் பலூன்போல உப்பிவிடும். மாரடைப்பு மாதிரியே வலிக்கும், ஆனால் குழாயில் அடைப்பு இருக்காது. அறையின் உருவம் அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானைபோல இருந்ததால் டக்கோட்சுபோ என்று அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள். பெரும்பாலும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வருகிறது. பலருக்குச் சில வாரங்களில் இதயம் பழையபடி ஆகிவிடும், ஆனால் தொடக்க நாட்களில் உயிருக்கு ஆபத்தும் உண்டு. சாவு வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் ஆயாவை "துக்கம் தாங்கல" என்று விட்டுவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

தடித்த இதயம் மறுபடி சரியாகுமா?

நிறையவே திரும்பும். பிரஷரை மாதக்கணக்கில் விடாமல் கட்டுக்குள் வைத்தால் சுவரின் தடிப்பு குறையும். என் அப்பாவுக்கு வலி மாத்திரையை நிறுத்தினோம், இரண்டு பிரஷர் மாத்திரை, ஊறுகாய் ஜாடியை அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். ஒன்றரை வருடம் கழித்து எடுத்த எக்கோவில் சுவர் 14-லிருந்து 12-க்கு வந்திருந்தது. விறைப்பு முழுக்கப் போகவில்லை, மாடியேறினால் நடுவில் ஒரு நிமிடம் நிற்கிறார். தறியை விட்டுவிட்டார். தினமும் காலையில் மாத்திரைக்கு முன் பிரஷர் பார்த்துக் காலண்டர் தாளின் ஓரத்தில் எழுதி வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் போனதும் அந்தத் தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பார்.